அணுவுக்குள் ஒரு பயணம் – 31: ஜேடின் இரண்டாம் ஆயுள்

சென்ற இதழில், 1979-ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரின் பெட்ரா வளையத்தில் குளுவான் அகப்பட்ட கதையைப் பார்த்தோம். குவார்க்குகளைப் பிணைத்து வைக்கும் அந்தத் துகள், மூன்று தாரைகளாகச் சிதறிய மோதல்களில் தன்னைக் காட்டிக்கொடுத்தது. டாசோ, மார்க்-ஜே, புளூட்டோ, ஜேட் என்ற நான்கு குழுக்களும் அந்த ஆண்டிலேயே சான்றுகளை எடுத்து வைத்தன. பாடநூல்களில் பெட்ராவின் கதை பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் பெட்ராவுக்கு இன்னோர் அத்தியாயம் உண்டு. வளையத்தில் மோதல்கள் நின்று, உணர்கருவிகள் பிரிக்கப்பட்டு, குழுக்களும் கலைந்துபோன பிறகு எழுதப்பட்ட அத்தியாயம் அது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்துச் சிலர் ஜேட் குழுவின் பழைய காந்த நாடாக்களைத் தேடிப் போனார்கள். அவற்றிலிருந்து புதிய இயற்பியலை எடுத்தார்கள். ஓர் ஆய்வு முடிந்தபின் அதன் தரவு என்ன ஆகிறது என்று துகள் இயற்பியல் உலகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள, அந்த முயற்சி ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. புதிய துகள் எதுவும் பிறக்காத இந்த அத்தியாயத்தை நான் இத்தொடரில் சேர்க்க விரும்பியதற்கும் அதுவே காரணம்.

ஜேட் எதைப் பதிவு செய்தது?

டெசி ஆய்வகத்தின் பெட்ரா 2.3 கிலோமீட்டர் சுற்றளவு கொண்ட வளையம். 1978-இல் ஓடத் தொடங்கியது. ஒரு திசையில் எலக்ட்ரான்கள், எதிர்த்திசையில் பாசிட்ரான்கள். இரண்டும் நேருக்கு நேர் மோதும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலிலிருந்து ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் பிறக்கலாம். குவார்க் தனியாக வெளியே வராது. பறந்து விலகும்போதே பல துகள்களாகப் பெருகி, ஒரே திசையில் பாயும் கொத்தாக, அதாவது தாரையாக, வெளிப்படும். வழியில் ஒரு குளுவான் பிரிந்தால் மூன்றாவது தாரை தோன்றும்.

மோதல் நடக்கும் இடத்தைச் சூழ்ந்து நின்ற உணர்கருவிகளில் ஒன்று ஜேட். ஜப்பான், டாய்ச்லாண்ட், இங்கிலாந்து என்ற மூன்று நாட்டுப் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர். டோக்கியோ பல்கலைக்கழகக் குழுவை இதற்குள் அழைத்து வந்தவர் மசாதோஷி கோஷிபா. பிற்காலத்தில் நியூட்ரினோ ஆய்வுக்காக 2002-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். கருவியின் நடுவில் இருந்தது, ஹைடெல்பெர்க்கில் யோவாகிம் ஹைன்ட்செ குழுவினர் உருவாக்கிய வாயு அறை. மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் அதன் வழியே போனால், அந்தப் பாதையில் 48 புள்ளிகள் வரை அளக்க முடியும். அன்றைக்கு அது பெரிய சாதனை. அறையைச் சுற்றி ஈயக் கண்ணாடிக் கட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. எலக்ட்ரான்களின், ஃபோட்டான்களின் ஆற்றலை அவை அளந்தன.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சிக்கல் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. காந்த நாடாவில் பதிந்தவை துகள்களின் படங்கள் அல்ல, வெறும் எண்கள். இந்த இலக்கமுள்ள கம்பியில், இந்த நேரத்தில், இந்த அளவு மின்துடிப்பு வந்தது என்ற பட்டியல். துகள் வாயுவைக் கடக்கும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் உதிர்கின்றன. அவை மெல்ல நகர்ந்து கம்பியை அடைகின்றன. வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, துகள் கம்பியிலிருந்து எவ்வளவு தூரத்தில் போனது என்று கணக்கிடலாம். ஆனால் அதற்கு அந்த வாயுவில் எலக்ட்ரான் நகரும் வேகம் தெரிய வேண்டும். வாயுவின் கலவையும் அழுத்தமும் மின்னழுத்தமும் மாறினால் அந்த வேகமும் மாறும். கம்பிகள் எந்த இடத்தில் இருந்தன, எந்த நாளில் எந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

இந்த அளவீட்டு மாறிலிகள் இல்லாவிட்டால், நாடாவில் உள்ள எண்கள் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலப்பத்திரத்தைப் போன்றவை. இருப்பது என்னவோ அசல்தான். அதைக் கொண்டு எதையும் உறுதிசெய்ய முடியாது.

மாறிலிகளோடும் வேலை தீர்ந்துவிடுவதில்லை. மின்துடிப்புகளிலிருந்து துகள் பாதைகளை மீட்டெடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். எந்த உணர்கருவியும் எல்லாத் துகள்களையும் பிடித்துவிடாது. எத்தனை நழுவிப்போயிருக்கும், எத்தனை தவறாக அளக்கப்பட்டிருக்கும் என்று அறிய, கணினியில் போலி மோதல்களை உருவாக்கி, அவற்றைக் கருவியின் கணித மாதிரிக்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு மென்பொருள். மோதல்கள் எவ்வளவு அடர்த்தியாக நடந்தன என்பதைச் சொல்லும் ‘லூமினாசிட்டி’ பதிவேடும் தேவை. ஒரு நிகழ்வு எத்தனை முறை நடந்தது என்ற எண்ணிக்கையை, அது நடப்பதற்கான இயற்கையின் விகிதமாக மாற்றித் தருவது அந்தப் பதிவேடு.

குழு கலைந்தது

1986-இல் பெட்ராவின் மோதல் ஆய்வுகள் முடிவுக்கு வந்தன. ஜேட் பிரிக்கப்பட்டது. வளையம் வேறு வேலைக்குப் போனது: முதலில் ஹெரா என்ற பெரிய முடுக்கிக்குத் துகள்களை ஊட்டும் துணை வளையமாக, பிறகு 2009 முதல் எக்ஸ்-கதிர் ஆய்வுகளுக்கான ஒளி மூலமாக. இன்றும் அதே சுற்றுப்பாதையில் அது ஓடுகிறது. ஆனால் அங்கே எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதுவதில்லை.

ஆய்வாளர்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் லெப் வளையம் எழுந்துகொண்டிருந்தது. ஜேட் குழுவினர் பலர் அங்கே ஓபல் என்ற உணர்கருவியைக் கட்டப் போனார்கள். ஜேடின் வாயு அறையில் கற்ற பாடம் ஓபலின் நடு அறைக்கு அடித்தளமாயிற்று. 1989-இல் லெப் ஓடத் தொடங்கியபோது அதன் மோதல் ஆற்றல் 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். பெட்ராவின் உச்சத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. லெப்பின் நான்கு குழுக்களும் சேர்ந்து சுமார் 1 கோடியே 70 லட்சம் இசட் துகள்களைப் பதிவு செய்தன. இந்தப் பெருவெள்ளத்துக்கு முன் பெட்ராவின் தொகுப்பு மிகச் சிறியதாகத் தெரிந்தது.

பழைய நாடாக்களை யாரும் வேண்டுமென்றே புறக்கணிக்கவில்லை. அன்றைய நடைமுறை அப்படி. ஆய்வுக்கு ஒதுக்கிய பணம் ஆய்வோடு தீர்ந்துவிடும். கட்டுரைகள் வெளிவந்துவிட்டால் கடமை முடிந்தது. அடுத்த முடுக்கி இன்னும் பெரியது, இன்னும் துல்லியமானது. பழையதை அது தாண்டிவிடும் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருந்தது. அந்த நம்பிக்கையில் ஒரு பிழை இருந்தது. உயரத்துக்குப் போன முடுக்கி தாழ்வான ஆற்றலுக்கு இறங்கி வருவதில்லை. 14 முதல் 44 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலான எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல்கள் வேண்டும் என்றால், பெட்ராவின் பதிவுகளைத்தான் நாட வேண்டும். அந்தப் பகுதிக்காக மட்டும் இனி ஒருவரும் புதிதாக முடுக்கி கட்டப் போவதில்லை.

எதற்காகத் திரும்பிப் போனார்கள்?

1973-இல் டேவிட் கிராஸ், ஃபிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் ஆகிய மூவர் வலுவிசையைப் பற்றி வியப்பான ஒரு முடிவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். குவார்க்குகள் ஒன்றையொன்று நெருங்க நெருங்க அவற்றுக்கிடையிலான பிணைப்பு தளரும்; விலக விலக இறுகும் என்பது அது. ஆற்றல் கூடினால் நாம் பார்க்கும் தூரம் சுருங்கும். எனவே மோதல் ஆற்றல் உயர உயர, வலுவிசையின் பிணைப்பு எண் குறைந்துகொண்டே வர வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்கு 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைச் சோதிக்கத் தாரைகளே நல்ல வழி. பிணைப்பு வலுவாக இருந்தால் குளுவான் அடிக்கடி பிரியும், மூன்று தாரை மோதல்கள் மிகும். தளர்ந்தால் குறையும். ஒரு மோதலில் எத்தனை தாரைகள் என்று யார் எண்ணினாலும் ஒரே விடை வருவதற்கு ஒரு விதி வேண்டும் அல்லவா? எந்தெந்தத் துகள்களை ஒரு கொத்தில் சேர்ப்பது என்ற அந்த விதியை 1986-இல் ஜேட் குழு வகுத்தது. அதில் முக்கியப் பங்காற்றிய இளைஞர் ஜீக்ஃபிரீட் பெத்கெ. 1988-இல் அவரும் சகாக்களும், ஆற்றல் கூடக்கூட மூன்று தாரை மோதல்களின் பங்கு குறைவதைப் பெட்ரா தரவிலிருந்தே காட்டினார்கள்.

பிறகு லெப் காலம் வந்தது. தாரைகளை எண்ணவும் மோதல்களின் வடிவத்தை அளக்கவும் புதிய வழிகள் தோன்றின. 1990-களின் தொடக்கத்தில் டர்ஹாம் முறை என்ற, கோட்பாட்டுக்கு இன்னும் இசைவான எண்ணும் விதி வந்தது. கணக்குகள் கூர்மையாயின. போலி மோதல்களை உருவாக்கும் மென்பொருள்களும் வெகுவாக மேம்பட்டன. 91-இலும் அதற்கு மேலும் பிணைப்பு எண் எவ்வளவு என்று புதிய முறையில் தெரிந்தது. 44-க்குக் கீழே எவ்வளவு என்பதோ பழைய முறையில்தான் தெரிந்திருந்தது. இரண்டு வேறு முறைகளில் எடுத்த அளவுகளை ஒரே வரைபடத்தில் வைத்து, எண் மாறுகிறது என்று சொன்னால், மாறியது இயற்கையா முறையா என்ற ஐயம் எழும். கோட்பாடு சொல்லும் வளைவு குறைந்த ஆற்றலில்தான் செங்குத்தாக இறங்குகிறது. மேலே போகப் போகத் தட்டையாகிவிடுகிறது. சோதனை கூர்மையாக நடக்க வேண்டிய இடமே பெட்ராவின் இடம்தான்.

ஆக, தேவை இதுதான்: 1980-களின் மோதல்களை 1990-களின் கண்களால் பார்க்க வேண்டும். அதற்குள் ஆகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகியிருந்த பெத்கெ, தன் இளமைக்கால ஆய்வின் நாடாக்களைத் தேடத் தொடங்கினார். பேத்ரோ மொவிய்யா ஃபெர்னாண்டஸ் என்ற முனைவர் பட்ட மாணவரும் வேறு சிலரும் அவருடன் சேர்ந்தார்கள்.

நாடா, நிரல், அச்சுத்தாள்

முதல் வேலை எண்களைக் காப்பாற்றுவது. டெசி ஆய்வகம் தன் பழைய ஐபிஎம் மெயின்ஃபிரேம் கணினிகளைக் கைவிடும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவை போய்விட்டால் அந்த நாடாக்களைப் படிக்கும் கருவிகளும் போய்விடும். காந்த நாடாவும் காலப்போக்கில் நலிந்துபோகும் பொருள். டெசியில் இருந்த ஜேட் உறுப்பினர் யான் ஓல்சன் பழைய நாடாக்களிலிருந்து தரவைப் புதிய ஊடகங்களுக்கு மாற்றும் பெரும் பணியைச் செய்தார். இன்று அந்தத் தரவு முழுவதும் ஒரு சாதாரண வன்தட்டில் அடங்கிவிடும். அன்று அதைச் சுருள் சுருளாக ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

எண்கள் நகலானதும் அடுத்த தடை எழுந்தது. பழைய ஐபிஎம் கணினிகள் பின்ன எண்களை 16-ஐ அடியாகக் கொண்ட முறையில் எழுதின. புதிய கணினிகள் 2-ஐ அடியாகக் கொண்டவை. எழுத்துகளுக்கான குறியீடும் வேறு. நகலை அப்படியே புதிய கணினியில் திறந்தால் ஒவ்வோர் எண்ணும் தவறான எண்ணாகவே தெரியும். தவறு என்று கணினி எச்சரிக்கவும் செய்யாது. எந்தத் துண்டு முழு எண், எந்தத் துண்டு பின்னம், எந்தத் துண்டு எழுத்து என்று அறிந்து, பகுதி பகுதியாக மொழிமாற்ற வேண்டும். அதை அறிந்தவர்கள் அந்த மென்பொருளை எழுதியவர்கள் மட்டுமே.

மென்பொருளே தனிச் சோதனையாக இருந்தது. பெரும்பகுதி பழைய ஃபோர்ட்ரானில் இருந்தது. சில பகுதிகள் ஃபோர்ட்ரானின் மேல் கட்டப்பட்ட ஷெல்ட்ரான், மார்ட்ரான் என்ற கிளைமொழிகளில். இன்னும் சில, ஐபிஎம் கணினிகளுக்கே உரிய அசெம்ப்ளர் மொழியில். அந்தக் கணினி இல்லாத இடத்தில் அசெம்ப்ளர் நிரலுக்குப் பொருளே இல்லை. அது என்ன செய்தது என்று வரிவரியாகப் புரிந்துகொண்டு வேறு மொழியில் திரும்ப எழுத வேண்டும். எழுதிய ஆய்வாளர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தார்கள். சிலர் துறையையே விட்டுவிட்டார்கள். எந்த நிரல் கடைசிப் பதிப்பு, எந்த மாறிலிக் கோப்பு எந்த ஆண்டுக்குரியது என்பதெல்லாம் நினைவுகளையும் பழைய குறிப்பேடுகளையும் நம்பித் தேட வேண்டியவையாக இருந்தன.

லூமினாசிட்டிப் பதிவேட்டின் கதையை இத்துறையினர் இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். கணினிக் கோப்பு காணாமல் போயிருந்தது. அது இல்லாமல் மோதல் விகிதம் எதையும் கணக்கிட முடியாது. கடைசியில் அகப்பட்டது ஒரு பழைய அச்சுப்பிரதி. எப்போதோ யாரோ அச்சிட்டு, எறியாமல் வைத்திருந்த எண் பட்டியல். அந்த எண்களை ஒரு செயலக ஊழியர் உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்தார். பட்டியலில் கூட்டுத்தொகைகளும் இருந்ததால், தட்டச்சில் நேர்ந்த சில பிழைகளைக் கூட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தது. பல நாடுகள் பல ஆண்டுகள் பெரும் பணம் செலவிட்டு நடத்திய ஓர் ஆய்வின் மறுவாழ்வு, ஒரு கட்டுத் தாளையும் ஒருவருடைய பொறுமையான விரல்களையும் நம்பி நின்றது. அந்த ஊழியரின் உழைப்பைப் பேராசிரியர்களின் உழைப்புக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

பழைய தரவு தந்த புதிய விடை

1998-இல் முதல் பெரிய கட்டுரை வெளிவந்தது. 22 முதல் 44 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஜேட் மோதல்களில், அந்த உணர்கருவி ஓடிய காலத்தில் இல்லாத அளவீடுகளைப் பயன்படுத்திப் பிணைப்பு எண்ணைக் கண்டிருந்தார்கள். 2000-இல் ஜேட் தரவும் ஓபல் தரவும் ஒரே கட்டுரையில் சேர்ந்தன. 35 முதல் 189 வரை, ஒரே முறையில், ஒரே அளவுகோலில். மூத்த கருவியும் அதன் வழிவந்த கருவியும் சேர்ந்து வரைந்த அந்தப் புள்ளிகள் 1973-இன் கணக்கு காட்டிய வளைவை ஒட்டியே இறங்கின. மாறியது இயற்கைதான், முறை அல்ல என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிந்தது.

கதை அதோடும் முடியவில்லை. மூன்று தாரை மோதல்களுக்கான கோட்பாட்டுக் கணக்கை அடுத்த படிநிலைக்கு உயர்த்துவது மிகக் கடினமான வேலை. 2007-இல்தான் கோட்பாட்டாளர்கள் அதை முடித்தார்கள். ஜேட் நின்று 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. தரவு உயிரோடு இருந்ததால் புதிய கணக்கை உடனே பொருத்திப் பார்க்க முடிந்தது. 2009-இல் பெத்கெ, ஸ்டெஃபான் குளூத் முதலியோர் ஜேட் தரவிலிருந்து கண்ட மதிப்பு, லெப்பின் 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு மாற்றிச் சொன்னால் 0.117. உலக அளவீடுகளின் இன்றைய சராசரி 0.118. கருவி இல்லாத ஓர் ஆய்வு, தன் காலத்தில் யாராலும் கேட்க முடியாத கேள்விக்கு விடை சொல்லியிருந்தது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தரவு எடுத்தவர்களின் அறிவோடு அதன் பயன் தீர்ந்துவிடுவதில்லை. கோட்பாடு வளரும்போது பழைய தரவின் மதிப்பும் வளர்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி நம்மை வந்து சேர, இடைப்பட்ட ஆண்டுகளில் யாராவது அதைச் சுமந்து வந்திருக்க வேண்டும்.

தற்செயலிலிருந்து திட்டத்துக்கு

ஜேட் பிழைத்தது தற்செயல். ஓர் ஓல்சன் டெசியிலேயே இருந்தார். ஒரு பெத்கெவுக்கு ஆர்வம் இருந்தது. ஓர் அச்சுத்தாள் குப்பைக்குப் போகாமல் தப்பியது. அடுத்த முறை இத்தனையும் கூடிவரும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த அடுத்த முறையும் விரைவில் வந்தது. டெசியின் ஹெரா வளையம் 2007 ஜூன் மாதம் நிறுத்தப்பட்டது. உலகிலேயே எலக்ட்ரானும் புரோட்டானும் நேருக்கு நேர் மோதிய ஒரே வளையம் அது. 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் பாபார் ஆய்வு முடிந்தது. ஃபெர்மி ஆய்வகத்தின் டெவட்ரான் 2011 செப்டம்பரில் ஓய்ந்தது. சில ஆண்டுகளுக்குள் ஒரு தலைமுறை முடுக்கிகள் விடைபெற்றன. அவற்றின் தரவு ஒவ்வொன்றும் ஈடு இல்லாதது.

இத்தகைய தரவைக் காப்பதற்கென 2008-இன் இறுதியிலேயே ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு கூடியது. 2009 ஜனவரியில் அதன் முதல் பட்டறை டெசியிலேயே நடந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்டினெல் டியாகொனு இதை வழிநடத்தினார். 2012-இல் விரிவான திட்ட அறிக்கை வந்தது. அந்த அறிக்கை காப்பதை நான்கு படிகளாகப் பிரித்தது. முதல் படி, ஆவணங்களைக் காப்பது: கட்டுரைகள், உள்குறிப்புகள், கையேடுகள். இரண்டாவது, தரவை எளிமையாக்கி மாணவர்களும் பொதுமக்களும் பயன்படுத்தும் வடிவில் வைப்பது. மூன்றாவது, ஏற்கெனவே மீட்டெடுத்த துகள் பாதைகளையும் அவற்றை ஆராயும் மென்பொருளையும் காப்பது. நான்காவது, மூலத் துடிப்புகளையும் மீட்டெடுப்பு, போலி மோதல் மென்பொருள்களையும் இயங்கும் நிலையில் காப்பது. படி உயர உயர உழைப்பும் செலவும் கூடும். ஆனால் எதிர்பாராத கேள்விக்கு விடை தரும் ஆற்றல் நான்காம் படியில்தான் முழுமையாக இருக்கிறது. ஜேடைப் பிழைக்க வைத்ததும் அந்தப் படிதான்.

மென்பொருளைக் காப்பதில் இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, பழைய கணினிச் சூழலையே உறையவைப்பது. பாபார் குழு தன் பழைய இயங்குதளத்தை மெய்நிகர் கணினிக்குள் வைத்து, புதிய வன்பொருளில் அதை ஓட்டியது. மற்றொன்று, மென்பொருளைத் தொடர்ந்து புதிய கணினிகளுக்கு மாற்றிக்கொண்டே வருவது. மாற்றும்போதெல்லாம் பழைய முடிவு திரும்ப வருகிறதா என்று தானாகவே சோதிக்கும் ஏற்பாடு செய்வது. ஹெரா குழுக்களுக்காக டெசியில் இப்படி ஓர் ஏற்பாடு உருவானது. முதல் வழியில் இப்போது உழைப்பு குறைவு, நாளடைவில் உறைந்த சூழலே பாதுகாப்புச் சிக்கலாகலாம். இரண்டாம் வழிக்கு ஆட்கள் தொடர்ந்து வேண்டும், ஆனால் பிழை அன்றன்றே தெரிந்துவிடும். என் மனம் இரண்டாம் வழியின் பக்கமே சாய்கிறது. யாரும் ஓட்டிப் பார்க்காத மென்பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

வெளியாருக்குத் திறந்த கதவு

ஜேடை மீட்டவர்கள் ஜேடின் பிள்ளைகளே. தரவை எடுக்காத ஒருவர் அதைப் பயன்படுத்த முடியுமா? இந்தக் கேள்விக்கு லெப்பின் அலெஃப் என்ற உணர்கருவியின் தரவுத் தொகுப்பு விடை தந்தது. 2010-இல் செர்னின் பெரிய ஹேட்ரான் மோதலியில் உள்ள சிஎம்எஸ் கருவி, துகள்கள் ஏராளமாகச் சிதறிய புரோட்டான் மோதல்களில் ஒரு விநோதத்தைக் கண்டது: ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிய துகள்களிடையே ஓர் ஒழுங்கு. மோதுவது புரோட்டான் போன்ற கூட்டுப்பொருளாக இருப்பதால் இது நேர்கிறதா என்று பார்க்க, உள்கட்டமைப்பு இல்லாத எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிய தரவு வேண்டும். அலெஃப் 1990-களில் சேர்த்த தரவை எடுத்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் யென்-ஜியே லீ குழுவினர் ஆராய்ந்தார்கள். 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் மோதல்களில் அந்த ஒழுங்கின் அடையாளம் காணப்படவில்லை என்று 2019-இல் அறிவித்தார்கள். அலெஃப் ஓடியபோது அப்படியொரு கேள்வியே எழுந்திருக்கவில்லை.

2014 நவம்பர் 20-ஆம் தேதி செர்ன் தன் திறந்த தரவுத் தளத்தைத் தொடங்கியது. சிஎம்எஸ் குழு 2010-இல் எடுத்த தரவில் சுமார் 27 டெராபைட்டை உலகுக்குத் திறந்து வைத்தது. தரவோடு மென்பொருளும் மெய்நிகர் கணினியும் எடுத்துக்காட்டு ஆய்வுகளும் கிடைத்தன. அப்போது செர்னின் தலைமை இயக்குநராக இருந்த ரோல்ஃப்-டீட்டர் ஹோயர், இளம் ஆய்வாளராக ஜேட் குழுவில் வேலை செய்தவர். 2017-இல் ஜெஸ்ஸி தாலர் என்ற கோட்பாட்டாளரும் சகாக்களும், சிஎம்எஸ் குழுவில் இல்லாதவர்களாகவே, அந்தத் திறந்த தரவைக் கொண்டு தாரைகளின் உள்ளமைப்பை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். 2020 டிசம்பரில், பெரிய ஹேட்ரான் மோதலியின் முதன்மைக் குழுக்கள் நான்கும் சில ஆண்டு இடைவெளிக்குப் பின் தம் ஆய்வுத் தரவைப் பொதுவில் வைக்கும் கொள்கையை ஏற்றன.

கதவு திறந்தால் போதாது என்பதும் இந்த அனுபவங்களில் தெரிந்தது. வெளியாருக்கு முதல் தடை தரவின் அளவு அல்ல. எந்த மோதலை நம்பலாம், எதை ஒதுக்க வேண்டும், இந்தத் திருத்தம் ஏன் செய்யப்பட்டது என்பதெல்லாம் குழுவுக்குள் பேச்சுவாக்கில் புழங்கும் அறிவு. தேநீர் மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை யாரும் எழுதி வைப்பதில்லை. குழு கலைந்தால் முதலில் அழிவது அதுதான். நாடாவை நகலெடுக்க ஐந்தாண்டு தாமதித்தால் இன்னும் சமாளிக்கலாம். அறிந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டால் சமாளிக்க வழியில்லை.

ஆகவே காக்கும் வேலை ஆய்வு முடிந்த பிறகு தொடங்கக் கூடாது. ஆய்வு ஓடும்போதே, கருவி கட்டும் செலவோடு சேர்த்து அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஆள் நியமிக்க வேண்டும். அந்த வேலையில் ஈடுபடும் இளைஞர்களின் உழைப்பை, கட்டுரை எழுதுபவர்களின் உழைப்புக்கு நிகராகக் கருதிப் பதவி தர வேண்டும். இன்றைய மோதலி 7, 8, 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் என்று ஏறி வந்திருக்கிறது. நாளைய முடுக்கி இவற்றைத் தாண்டிப் போகும், இறங்கி வராது. பெட்ராவைப் பற்றி 1986-இல் யாரும் எண்ணிப் பாராததை, இன்றைய ஆய்வாளர்களால் எண்ணிப் பார்க்க முடியும். ஜேட் அவர்களுக்கு அந்த அனுபவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் ஹெராவின் பெயர் பலமுறை வந்தது. எலக்ட்ரானை ஏவி அது புரோட்டானுக்குள் கண்ட காட்சி என்ன, வெளியே அமைதியாகத் தெரியும் புரோட்டானுக்குள் குளுவான்கள் எப்படிப் பெருகிக் கிடக்கின்றன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)